காட்டுப்பூவரசு வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் தொட்டபெட்டாவுக்குக் கீழே, கோத்தகிரி போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. வேலியோரம் மூன்று காட்டுப்பூவரசு நிற்கின்றன. ஜனவரி பிறந்து பூ விட்டதும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பத்துப் பேரில் நாலு பேர் கேட்டைத் தட்டிவிடுவார்கள். பதினான்கு வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி, யாருக்கு எதைச் சொன்னேன் என்பதே மறந்துபோகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆள் இல்லை. நாலு கன்று வைத்து ஒன்றைச் சாகடித்தவள், அவ்வளவுதான் தகுதி.

அக்கா, பூவரசு என்றால் மஞ்சள் பூதானே? சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோமே, அதுவா இது?

அது இல்லை. பீப்பி ஊதும் பூவரசு சமவெளியிலும் கடலோரத்திலும் வளர்வது, செம்பருத்திக் குடும்பம். இது மலைக்கு மட்டும் உரியது. பூ இரத்தச் சிவப்பு, பத்து இருபது மணிகளைச் சேர்த்துக் கட்டிய கொத்து மாதிரி கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும். பெயர் எப்படி வந்ததோ, இரண்டுக்கும் உறவே கிடையாது. சில இடங்களில் பில்லி என்றும் சொல்வார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ரோடோடெண்ட்ரான் என்பார்கள்.

இலையைத் திருப்பிப் பார்த்தால் அடையாளம் தெரியும். மேலே கரும்பச்சை, தோல் மாதிரி தடிப்பு. கீழே தவிட்டு நிறத்தில் பூனைமுடி போல மெத்தென்று இருக்கும்.

இது செடியா, மரமா? எவ்வளவு இடம் விட வேண்டும்?

இரண்டும்தான். காற்று அடிக்கும் புல்மேட்டில் முறுக்கிக்கொண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். சோலை ஓரத்தில், காற்று மறைவில் நல்ல மரமாகவே போகும். வீட்டில் வைத்தால் முதல் பத்துப் பதினைந்து வருடம் புதர்தான். என்னுடையது மூன்றும் இன்னும் கூரை மட்டத்தைத் தொடவில்லை.

சுவரிலிருந்தும் அடுத்த செடியிலிருந்தும் பத்தடி விடுங்கள். 'சின்னக் கன்றுதானே' என்று நெருக்கி வைத்தால் பின்னால் பிடுங்கி நடுவது வீட்டைப் பெயர்ப்பது மாதிரி.

நர்சரியில் ரோடோடெண்ட்ரான், அஸேலியா என்று கலர் கலராக விற்கிறார்களே, அதைவிட இதில் என்ன விசேஷம்?

அஸேலியாவும் இதே இனம்தான், தப்பில்லை. ஆனால் தொட்டியில் விற்கும் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கலப்புகள். நம்முடையது நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, அதைச் சுற்றிய உயரமான மலைகளில் மட்டும் உள்ள வகை. இதன் நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது. நேபாளத்தின் தேசியப் பூ, உத்தராகண்டின் மாநில மரம் எல்லாம் அந்தச் சொந்தக்காரர்தான். இன்னொரு சொந்தம் இலங்கையின் உயர்ந்த மலைகளில். நடுவே இருக்கும் சமவெளி முழுவதும் ஒரு செடிகூடக் கிடையாது. உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் தெற்கு வரை பரவி, பிறகு வெயில் ஏற ஏற மலையுச்சிக்கு ஒதுங்கியது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம்.

இமாச்சலத்திலிருந்து கூரியரில் கன்று வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பேன். பக்கத்தில் வைத்தால் மகரந்தம் கலந்து, விதை எந்த ஊர்ப் பிள்ளை என்றே தெரியாமல் போகும். நம் மலையில் இருப்பதே கொஞ்சம், அதைக் குழப்புவானேன்?

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். ஏசி அறையில் வைத்தாவது வளர்க்கலாமா?

வேண்டாம், விட்டுவிடுங்கள். இதற்குக் குளிர் இரவு, மூடுபனி, புளித்த (அமிலத்தன்மை உள்ள) மண் மூன்றும் சேர்ந்து வேண்டும். 1,500 மீட்டருக்குக் கீழே வைத்துக் கஷ்டப்படாதீர்கள். சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலும், சுமார் 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலிலும் கவலையே இல்லை. குன்னூர் 1,850 பக்கம், அங்கே நிழலும் ஈரமும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டால் வரும்.

கன்று எங்கே கிடைக்கும்? காட்டில் சின்னதாக நிற்பதைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

முதலில், காப்புக்காட்டிலிருந்து செடியோ விதையோ எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். முக்குருத்தி போன்ற தேசியப் பூங்கா என்றால் இன்னும் கடுமை. சட்டத்தை விட்டாலும், பிடுங்கிய கன்று பிழைக்காது. இதன் வேர் தலைமுடி மாதிரி மெலிசு, மேல் மண்ணிலேயே படர்ந்திருக்கும். அந்த வேரோடு ஒரு பூஞ்சை கூட்டுச் சேர்ந்து உணவு எடுத்துக் கொடுக்கிறது. இழுத்துப் பிடுங்கும்போது குச்சி மட்டும்தான் கையோடு வரும், உயிர் மண்ணிலேயே தங்கிவிடும்.

சோலைச் செடிகளை விதையிலிருந்து வளர்ப்பவர்கள் இரண்டு மலையிலும் இருக்கிறார்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை, கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை ஆகிய இடங்களில் நாட்டுச் செடி நாற்றங்கால் பற்றி விசாரிக்கலாம். எல்லா வருடமும் இந்தக் கன்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டா நிலத்தில் பழைய மரம் வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் விதை கேட்பது இன்னும் எளிது.

எங்கள் மண் இதற்குச் சரிப்படுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா?

அனுப்பினால் நல்லது. மண்ணின் புளிப்பைச் சொல்லும் பிஎச் அளவு 4.5-லிருந்து 6-க்குள் இருந்தால் சரி. அதற்கு முன் உங்கள் வாசலில் நிற்கும் ஹைட்ராஞ்சியாவைப் பாருங்கள். இந்த மலையில் அது இல்லாத வீடு உண்டா? பூ நல்ல நீலமாக இருந்தால் மண் புளிப்பு, காட்டுப்பூவரசுக்கு ஏற்றது. ரோஸாக இருந்தால் மண்ணில் சுண்ணாம்புத்தன்மை ஏறியிருக்கிறது. ஊதாவும் ரோஸும் கலந்து குழம்பினால் நடுவாந்திரம். வெள்ளைப் பூ வகை மட்டும் இந்தக் கணக்குக்கு உதவாது.

தேயிலை நன்றாக வரும் மண்ணும் புளிப்பு மண்தான். ஆனால் காரட், உருளை போட்டிருந்த நிலம் என்றால் ஜாக்கிரதை. அங்கே வருடா வருடம் டோலமைட்டும் சுண்ணாம்பும் போட்டிருப்பார்கள்.

வீடு கட்ட மேட்டை வெட்டியதில் மேல் மண்ணெல்லாம் போய்விட்டது. இப்போது இருப்பது மணல் மாதிரி, ஊற்றின தண்ணீர் நிமிடத்தில் காணாமல் போகிற மண். இதில் வருமா?

அதிகம் பேர் கேட்பது இதுதான், ஏனென்றால் இப்போது மலையில் பாதி வீட்டுத் தோட்டம் இப்படித்தான் இருக்கிறது. மேலே இருந்த கறுப்பு மண்ணை ஜேசிபி வாரிக் கீழே தள்ளிவிடும். மிஞ்சுவது மக்கிய பாறையின் மஞ்சள் பொடி. கையில் எடுத்து நெரித்தால் சரசரவென்று கொட்டும், உருண்டை பிடித்தால் நிற்காது.

பயப்பட வேண்டாம், இதில் பாதி நல்ல செய்தி. காட்டுப்பூவரசு வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும். அந்த வகையில் களிமண்ணைவிட உங்கள் மண் தேவலை. இல்லாதது மக்கிய சத்தும் ஈரப்பிடிப்பும் மட்டும்தான். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். அகலம்தான் முக்கியம், கிணறு தோண்ட வேண்டாம். அடியில் கையால் பிட்டால் பொடியும் அளவுக்கு மக்கிய கட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள். பச்சைக் கட்டை கூடாது. மக்கிய கட்டை கோடையில் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். எடுத்த மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் கலக்க வேண்டும்.

சரிவு நிலமாக இருந்தால் கன்றின் கீழ்ப்பக்கம் அரை வட்டமாக ஒரு வரப்பு போடுங்கள், மழைத்தண்ணீர் நின்று இறங்கும். அப்புறம் மூடாக்கு. மூன்று நான்கு அங்குலத்துக்குச் சருகு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. பைன் ஊசி கிடைத்தால் அது பாய் மாதிரி படுத்துக்கொள்ளும், காற்றில் பறக்காது. மணல் மண்ணில் மூடாக்கு இல்லாமல் இந்தச் செடி வைப்பது, கூரை இல்லாத வீட்டில் பாய் விரிப்பது மாதிரி. சருகு மக்கிக் குறையும், வருடம் இரண்டு தடவை மேலே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வீட்டிலும் முதலில் இதே மஞ்சள் பொடிதான். ஏழெட்டு வருடச் சருகு விழுந்து, இப்போது மேலே நாலு விரல் கறுப்பு மண் ஏறியிருக்கிறது.

எந்த மாதம் நட வேண்டும்? எப்படி நட வேண்டும்?

நீலகிரியில் ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள். பழனி மலையில் வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை, அங்கே செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்லது.

ஆழமாகப் புதைக்காதீர்கள். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம், இல்லையென்றால் ஒரு விரல் உயரமாகவே இருக்கட்டும். தென்னங்கன்று நட்டுப் பழகிய கை தன்னால் ஆழமாகப் போகும். என் மாமனார் நட்டதைப் பின்னாலேயே போய் உயர்த்தி வைத்தேன்.

வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா?

நாள் முழுக்க அடிக்கும் வெயிலை வளர்ந்த செடி தாங்கும். காட்டில் புல்வெளி நடுவே தன்னந்தனியாக நிற்பதுதானே இது. கன்றுக்கு மட்டும் முதல் இரண்டு வருடம் மதிய வெயிலை மறைக்க ஏதாவது வேண்டும். மணல் மண்ணாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடர்ந்த நிழலில் செடி பிழைக்கும், பூக்காது.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

மழைக்காலத்தில் வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் சோதனை. காற்று உலர்ந்திருக்கும், மண்ணும் காயும். கன்றுக்கு வாரம் இரண்டு தடவை, மணல் மண்ணில் மூன்று. மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பார்த்து, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐந்து வருடம் தாண்டிய செடிக்குக் கோடையில் வாரம் ஒரு தடவை ஊற ஊற்றினால் போதும்.

பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர்தான் முதல் தரம். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டித் தண்ணீரைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள், சுண்ணாம்பு இறங்கியிருக்கும்.

என்ன உரம் போடலாம்? நான் முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், கோழி எரு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ரோஜாவுக்குப் போடுங்கள், இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். முட்டை ஓடு சுண்ணாம்பு. சாம்பலும் மண்ணின் புளிப்பை முறிக்கும். எலும்புத்தூளும் அதே ரகம். கோழி எரு சூடு, மெலிந்த வேரைக் கருக்கிவிடும். இந்தச் செடியைப் பட்டினி போட்டுக் கொன்றவர்களை நான் பார்த்ததில்லை. ஊட்டி ஊட்டிக் கொன்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

மூடாக்கு மக்குவதே இதற்குச் சாப்பாடு. பாலும் சர்க்கரையும் சேராத டீத்தூள் சக்கையைக் காயவைத்து மாதம் ஒரு பிடி தூவலாம். செடி உண்மையிலேயே வளராமல் நின்றால், பூ முடிந்த பிறகு முதல் மழையில் ஒரு டீஸ்பூன் அம்மோனியம் சல்பேட்டைச் சுற்றிலும் தூவுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. சத்துக் குறைவா?

மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியவில்லை. மண் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். உரம் கேட்டவருக்குச் சொன்ன பொருள்களில் எதையாவது போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். போடவில்லை என்றால் சுற்றிப் பாருங்கள், சிமெண்ட் எங்கே இருக்கிறது?

என் நாலாவது கன்று போனது அப்படித்தான். சாலைப் பக்கம் மண் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டினோம். கன்றுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடிதான். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரில் வழிந்த தண்ணீர் அதன் காலடியில் இறங்கியது. அக்டோபரில் கொழுந்து இலை எலுமிச்சை நிறத்தில் வந்தது. நான் புத்திசாலித்தனமாக மக்கிய சாணியை அள்ளி வைத்தேன். பொங்கலுக்குள் விளிம்பெல்லாம் கருகி, கையால் தொட்டாலே இலை உதிர்ந்தது. பிறகு பிடுங்கிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் ஒரு வெள்ளை வேர்கூட இல்லை. மறுபக்கம் மட்டும் நன்றாக இருந்தது. பாவம், ஓடிப்போகப் பார்த்திருக்கிறது.

உங்களுக்கு ஆரம்ப நிலை என்றால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து மூன்று நாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மற்றதற்கும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. இது தற்காலிகம்தான், சுண்ணாம்பு வரும் வழியை அடைக்காமல் நிற்காது.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இலை தொங்குகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றவா?

ஊற்றாதீர்கள். ஈர மண்ணில் வாடினால் வேர் அழுகுகிறது. கொஞ்சம் மண்ணை விலக்கி வேரைக் கிள்ளுங்கள். தோல் உரிந்து, பழுப்பாக, வாடை அடித்தால் பாதிக்கு மேல் கைமீறிவிட்டது. சின்னக் கன்றாக இருந்தால் எடுத்து, அழுகியதை வெட்டி, மேடான இடத்தில் புதுக் கலவையில் வைத்துப் பார்க்கலாம். மணல் மண்காரர்களுக்கு இது அநேகமாக வராது. களிமண்ணில் குழி எடுத்து நல்ல மண்ணை நிரப்பியவர்களுக்குத்தான் அந்தக் குழி தொட்டி மாதிரி தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அங்கே குழியே எடுக்காமல் ஓரடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை செத்ததா?

மண்ணால் மூடியிருப்பீர்கள். நானும் முதல் தடவை கீரை விதைக்கிற மாதிரி தூவி மேலே மண் போட்டேன், மூன்று மாதம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

இந்த விதை தூள். பழுப்பேறி நுனி பிளக்கத் தொடங்கிய காயைக் காகித உறையில் போட்டு இரண்டு வாரம் வீட்டுக்குள் வைத்தால், அடியில் காப்பித்தூள் சிந்தின மாதிரி கிடக்கும். அதுதான் விதை, தும்மினால் போச்சு. முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மூடவே கூடாது. அகலமான மண் சட்டியில் இலைமண்ணும் அலசிய தென்னைநார்க் கழிவும் சலித்து நிரப்பி, மேலே பொடியாக நறுக்கிய பாசியை ஒரு தாள் கனத்துக்குப் பரப்புங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிவிடும். சட்டியைத் தண்ணீர் உள்ள தட்டில் வைத்துக் கீழிருந்து ஊற விடுங்கள். விதையை ஒரு மடித்த காகிதத்திலிருந்து விரலால் தட்டித் தட்டித் தூவி, மேலே கண்ணாடித் துண்டை மூடி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அதற்குத்தான் நம் மாவட்டத்தில் தடை இருக்கிறதே.

மூன்று நாலு வாரத்தில் பச்சையாக ஒரு பூச்சு தெரியும். பாசி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு இலை இருக்கும். கண்ணாடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் காற்றுக்குப் பழக்குங்கள். மூன்று நாலு இலை வந்தபின் பல்குத்தும் குச்சியால் கெல்லி எடுத்துத் தனித்தனியாக வைக்கலாம். முதல் வருடம் விரல் உயரம் வந்தாலே பெரிது. ஐந்து வருடத்துக்கு முன் நான் போட்டவை இப்போதுதான் முழங்காலைத் தொடுகின்றன.

குச்சி வைத்தால் வராதா? செம்பருத்தி எல்லாம் வருகிறதே.

இது அவ்வளவு சுலபத்தில் வேர் விடாது. ஹார்மோன் பொடி தொட்டு நான் வைத்த இருபது குச்சியும் காய்ந்துதான் போனது. பதியம் போடலாம். தாழ்ந்த கிளையை மண்ணோடு வளைத்து, அடிப்பக்கம் லேசாகக் கீறி, கல் வைத்து அழுத்தி, ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். பொறுமை இருந்தால் விதையைவிடச் சீக்கிரம் பூக்கும் செடி கிடைக்கும்.

எத்தனை வருடத்தில் பூக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

விதையிலிருந்து பத்து வருடம், அதற்கு மேலும் ஆகலாம். நான் வாங்கியவை இரண்டு வயதுக் கன்றுகள், என்னிடம் வந்து ஒன்பதாம் வருடம் ஒரே ஒரு கொத்து விட்டது ஒரு செடி. அந்த ஒரு கொத்துக்கு வந்த தேன்சிட்டையும் வெள்ளைக்கண்ணியையும் பார்க்கிற சாக்கில் அன்றைக்குச் சமையலே ஆகவில்லை. கேட்கும்போது ஐம்பது வயதுக்காரர்கள் முகம் சுருங்கும். மா, பலா வைக்கும்போது இந்தக் கணக்குப் பார்க்கிறோமா என்ன?

பதினைந்து வருடச் செடி, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூக்க மாட்டேன் என்கிறது.

பக்கத்து மரம் வளர்ந்து நிழல் கட்டியிருக்கலாம். தழைச்சத்து அதிகமாகி இலையாகவே போயிருக்கலாம். ஆனால் இந்த மலையில் நான் பார்த்த முக்கியக் காரணம் கவாத்து. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த கை சும்மா இருக்காது, கத்தியோடு போய்ச் சமமாகச் சீவிவிட்டு வரும். வரும் வருடப் பூவின் மொட்டு, பூ முடிந்தபின் வரும் புதுத் துளிரின் நுனியில்தான் கட்டுகிறது. மழைக்காலக் கடைசியில் சீவினால் அத்தனையும் கீழே.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் பூ உதிர்ந்த உடனே, காய்ந்த கிளையையும் குறுக்கே போவதையும் மட்டும் எடுங்கள். விதை வேண்டாம் என்றால் வாடின கொத்தை விரலால் ஒடித்துவிடலாம். அதன் அடியிலேயே புதுத் துளிர் உட்கார்ந்திருக்கும், அதையும் சேர்த்து ஒடிக்காதீர்கள்.

உறைபனியில் கருகிவிடாதா?

வளர்ந்த செடி தாங்கும். கன்றும் மொட்டும்தான் பிரச்சினை. குளிர்க்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் ஓடை ஓரத் தாழ்வைவிடச் சரிவின் நடுப்பகுதி நல்லது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவில், நாலு குச்சி நட்டு மேலே பழைய சாக்கைப் போடுங்கள். இலையைத் தொடக் கூடாது. பனி படியும் இடத்தில் காலை முதல் வெயில் நேராக விழுந்தால்தான் மொட்டு கருகும், மெல்ல உருகினால் ஒன்றும் ஆகாது. ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் கிழக்குப் பக்கம் கொஞ்சம் மறைவு இருக்கட்டும்.

விஷச் செடி என்கிறார்களே? பிள்ளைகள், ஆடு எல்லாம் இருக்கும் வீடு.

உண்மைதான். இந்த இனத்துச் செடிகளின் இலையிலும் பூவிலும் தேனிலும் கிரேயனோடாக்ஸின் என்ற நச்சு உண்டு. ஆடு மாடு தழையைத் தின்றால் வாயில் நுரை, வாந்தி, தள்ளாட்டம் வரும். கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழித்த கிளையை வேலிக்கு வெளியே போடாதீர்கள், ஆடு தேடி வரும். பிள்ளைகளிடம் 'பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது' என்று சொல்லி வைத்தால் போதும், அரளியை வளர்க்காத ஊரா நம்முடையது?

இமயமலையில் இதன் சொந்தக்காரப் பூவில் சர்பத் போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். போடட்டும், நான் இதில் போடமாட்டேன். தேனைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு: மயக்கம் தரும் தேன் என்று பேர் வாங்கியது துருக்கியின் கருங்கடல் பக்கத்திலும் நேபாளத்திலும், அதுவும் தேனீக்கு இந்தப் பூவே பெரும்பாலும் கிடைக்கும் இடங்களில். வேலியோரம் நிற்கும் ஒரு செடியால் அது நடக்காது.

காட்டுமாடு வந்தால்?

தின்னாது, ஆனால் கொம்பால் தேய்க்கும். ஒரு ராத்திரியில் பத்து வருடச் செடி விளக்குமாறு ஆகிவிடும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் இப்போது அது வராத தெரு குறைவு. வேலி போட்டாலும் நெம்பிவிடும். கன்றைச் சுற்றிச் சும்மா வெறும் இடமாக விடாமல், முள் உள்ள நாட்டுப் புதர் எதையாவது நெருக்கமாக வைப்பது மட்டும்தான் எனக்கு ஓரளவு பலித்தது.

வாடகை வீடு. தொட்டியில் வளர்க்கலாமா?

ஐந்தாறு வருடம் தாராளமாக. ஆழத்தைவிட அகலம் அதிகமான மண் தொட்டி, அடியில் மூன்று நாலு துளை. கலவை மணல் மண்காரருக்குச் சொன்னதுதான், கட்டை மட்டும் வேண்டாம். சிமெண்ட் தொட்டி கூடவே கூடாது, ஏன் என்று மேலே என் நாலாவது கன்றின் கதையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

பெரிதாகி வீட்டை மறைத்தால் வெட்டிக்கொள்ளலாம் இல்லையா, என் பட்டா நிலம்தானே?

நட யாரிடமும் கேட்க வேண்டாம். வெட்டக் கேட்க வேண்டும். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-இல் வந்த சட்டம் பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தும், அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். அதனால்தான் பத்தடி இடம் விடச் சொன்னேன்.

இவ்வளவு பாடு எதற்கு? பேசாமல் நீலக்குறிஞ்சி வைத்துவிடலாமே?

அதில் பாடு வேறு மாதிரி. நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வளர்ப்பதோ வைத்திருப்பதோ குற்றம். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்ததும் செடி செத்துவிடும். காட்டுப்பூவரசு ஒரு தடவை பூக்கத் தொடங்கினால், மனசு வைத்தால் உங்கள் பேத்தி காலத்திலும் பூக்கும்.

சரிக்கா, உங்கள் செடியிலிருந்து விதை தருவீர்களா?

தருவேன். காய் இப்போது பச்சையாக இருக்கிறது, பழுப்பேறட்டும். வரும்போது காகித உறை கொண்டு வாருங்கள், ஈரம் வேர்க்கும் கவரில் வாங்கிப்போய்ப் பூசணம் பிடித்துவிட்டது என்று திரும்பி வராதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் நான் மேல்பாத்தியில் இருப்பேன், கேட்டைத் தட்டினாலும் கேட்காது.